வீடா, சானடோரியமா?

பெருந்துறைப் பக்கம் போய் வந்தவர்களுக்கு 'சானடோரியம்' என்ற சொல் புதிதல்ல. இன்று அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் அந்த இடத்தின் அஞ்சல் முகவரியிலேயே அச்சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சென்னையில் மின்சார ரயிலில் சென்றால் 'தாம்பரம் சானடோரியம்' என்றே ஒரு நிலையம் வரும். அங்கே 1928ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சௌரி முத்து என்பவர் காசநோயாளிகளுக்காக ஒரு மருத்துவ இல்லத்தைத் தொடங்கினார். பெயர் நிலைத்துவிட்டது. அதன் பொருள்தான் பலருக்கு மறந்துவிட்டது.

காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் ஒன்று இருந்தது. அப்போது மருத்துவர்கள் கையில் இருந்தவை சுத்தமான காற்று, முழு ஓய்வு, ஊட்டமான உணவு ஆகிய மூன்றுதாம். ஊருக்கு ஒதுக்குப்புறமாக, மரங்களுக்கு நடுவே கட்டடம் எழுப்பி, நோயாளியை மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் அங்கே படுக்க வைப்பார்கள். அதுவே சானடோரியம். சிலருக்கு நெஞ்சறைக்குள் ஊசி வழியாகக் காற்றைச் செலுத்தி, நோயுற்ற நுரையீரலைச் சுருங்கச் செய்து, அதற்கும் 'ஓய்வு' கொடுத்தார்கள்! இவ்வளவு செய்தும் இறந்தவர்கள் ஏராளம்.

பிறகு மருந்துகள் வந்தன. மருந்து வந்த பிறகும் அந்தப் படுக்கை தேவைதானா? இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டு, சோதனை செய்து, விடை கண்ட இடம் நமது சென்னை. ஆண்டு 1956. உலகம் முழுவதும் காசநோய்க்குச் சிகிச்சை செய்யும் முறையையே அந்த விடை மாற்றியது. அதைப் புரிந்துகொள்ள, மருந்துகள் எப்படிக் கிடைத்தன என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

அலமாரியில் தூங்கிய மருந்து

காசநோயை உண்டாக்கும் கிருமியை 1882ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் கண்டுபிடித்துவிட்டார். எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அவனை வீழ்த்த அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

1940இல் அமெரிக்காவில் பெர்ன்ஹைம் என்ற ஆய்வாளர் ஒரு சிறிய செய்தியை வெளியிட்டார். காசநோய்க் கிருமிகளுக்குச் சாலிசிலிக் அமிலத்தைக் கொடுத்தால், அவை வழக்கத்தைவிட மிகுதியாக ஆக்சிஜனை உட்கொள்கின்றன என்பதே அச்செய்தி. தலைவலிக்கு நாம் விழுங்கும் ஆஸ்பிரின் இந்தச் சாலிசிலிக் அமிலத்தின் உறவுப் பொருள்தான். செய்தியைப் படித்தவர்களுள் ஒருவர் ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த யோர்கன் லேமன்.

லேமன் எப்படிச் சிந்தித்தார் என்று பாருங்கள். கிருமி இப்பொருளைப் பயன்படுத்துகிறது போலிருக்கிறது. அப்படியானால், இதே பொருளைப் போலத் தோற்றமளித்து, ஆனால் சற்றே மாறுபட்ட ஒரு பொருளைக் கொடுத்தால் கிருமி ஏமாந்துவிடாதா? பூட்டில் நுழையும், ஆனால் திறக்காத சாவியைப் போல அது உள்ளே சிக்கிக்கொள்ளாதா? சல்ஃபா மருந்துகள் வேறு கிருமிகளை இவ்விதமே ஏமாற்றுகின்றன என்பது அப்போதுதான் தெரியவந்திருந்தது. சாலிசிலிக் அமிலத்தின் மூலக்கூறில் குறிப்பிட்ட ஓரிடத்தில் ஓர் அமினோ தொகுதியைச் சேர்த்த பொருளைத் தயாரித்துத் தருமாறு 1943இல் ஒரு மருந்து நிறுவனத்துக்கு எழுதினார். அதுவே பாரா-அமினோசாலிசிலிக் அமிலம். சுருக்கமாகப் பி.ஏ.எஸ். அடுத்த ஆண்டே அது நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. பலன் தந்தது!

ஆயிரம் பொருள்களைக் கண்ணை மூடிக்கொண்டு சோதிக்கவில்லை லேமன். முன்பே தெரிந்த இரண்டு செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு கேள்வி கேட்டார். அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான கதை ஐசோநியாசிட் மருந்தினுடையது. அந்த வேதிப்பொருளை 1912ஆம் ஆண்டிலேயே ஆய்வுக்கூடத்தில் தயாரித்துவிட்டார்கள். காசநோய்க்கு இது உதவுமா என்று எவரும் கேட்கவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1951-52இல் மூன்று மருந்து நிறுவனங்கள் தனித்தனியே அதன் ஆற்றலைக் கண்டன. இடைப்பட்ட காலத்தில் மாண்டவர்களை எண்ணிப் பார்க்கவே மனம் கூசுகிறது.

இவ்விரண்டுக்கும் நடுவில், 1943இல் அமெரிக்காவில் பிரித்தெடுக்கப்பட்ட ஸ்டிரெப்டோமைசின் வந்துவிட்டது.

திருவுளச் சீட்டு

மருந்து ஒன்று கிடைத்துவிட்டால் போதாது. அது உண்மையிலேயே குணப்படுத்துகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காசநோய் சிலருக்குத் தானாகவே தணிவதும் உண்டு. மருந்து கொடுத்தோம், குணமாயிற்று என்பதால் மருந்தால்தான் குணமாயிற்று என்று சொல்லிவிட முடியாது.

நம் ஊர்ச் சாயப்பட்டறைக்கு வாருங்கள். புதிய சாயம் ஒன்று வந்திருக்கிறது, பழையதைவிட நன்றாகப் பிடிக்கிறதா என்று பார்க்கவேண்டும். பழைய சாயத்தை நேற்று ஒரு மில்லின் நூலில் பின்னிய துணியிலும், புதிய சாயத்தை இன்று வேறொரு மில்லின் துணியிலும் ஏற்றிப் பார்த்தால் எந்த டையிங் மாஸ்டரும் ஒப்புக்கொள்ளமாட்டார். ஒரே ரோலிலிருந்து இரண்டு துண்டு வெட்டவேண்டும். ஒரே தண்ணீர், ஒரே சூடு, ஒரே நேரம். சாயம் மட்டுமே வேறு. தனி ஊசலின் நீளத்தை மாற்றும்போது குண்டை மாற்றாதே என்று ஆய்வுக்கூடத்தில் நாங்கள் மாணவர்களிடம் சொல்வதும் இதைத்தான்.

ஆனால் மனிதர்களுக்கு 'ஒரே ரோல்' கிடையாது. ஒருவர் இளைஞர், இன்னொருவர் முதியவர். ஒருவருக்கு ஒரு நுரையீரலில் சிறு புண், மற்றவருக்கு இரண்டிலும் பெரிய குழிகள். நமக்குத் தெரியாத வேற்றுமைகளோ எண்ணற்றவை. மருத்துவரே பார்த்துப் பிரிக்கட்டும் என்று விட்டால், தம்மை அறியாமலே தேறக்கூடியவர்களைப் புதிய மருந்தின் பக்கம் தள்ளிவிடுவார்.

இதற்கு ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர் பிராட்ஃபோர்டு ஹில் கண்ட வழி நம் பாட்டிமார் அறிந்ததுதான். கோயிலில் திருவுளச் சீட்டு எடுப்பதில்லையா? அதுபோலவே, யாருக்கு எது என்பதைச் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு முடிவுசெய்து, உறையிலிட்டு ஒட்டிவிட்டார். நோயாளியைச் சேர்த்துக்கொண்ட பிறகே உறையைப் பிரிக்கவேண்டும். அவ்வாறு செய்தால் தெரிந்த வேற்றுமைகளும் தெரியாத வேற்றுமைகளும் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பரவிவிடும். 1948இல் வெளியான அந்தச் சோதனையில் 55 பேருக்கு ஸ்டிரெப்டோமைசினும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதங்களில் முதல் தொகுதியில் இறந்தவர்கள் 4 பேர். இரண்டாவதில் 14 பேர். எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கு, எந்தப் படம் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவருடையது என்பது சொல்லப்படவில்லை. சொன்னால் கண்ணும் பக்கம் சாய்ந்துவிடும்.

பாதிப் பேருக்கு மருந்தை மறுத்தார்களே, இது அறமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வி. அன்று பிரிட்டனில் இருந்த மருந்தே மிகச் சிறிதளவு. எப்படியும் எல்லோருக்கும் கிடைத்திராது.

ஒரு துயரமும் சேர்ந்தே தெரியவந்தது. ஸ்டிரெப்டோமைசின் பெற்றவர்களில் பலருக்குச் சில மாதங்களில் அந்த மருந்து வேலை செய்வதை நிறுத்திவிட்டது. கோடிக்கணக்கான கிருமிகளில் ஏதோ சில, இயல்பாகவே மருந்துக்கு மசியாதவை. மற்றவை மடிய, இவை பெருகிவிடுகின்றன. கணக்காகப் பாருங்கள். ஒரு மருந்துக்கு மசியாத கிருமி பத்து இலட்சத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது மருந்துக்கும் அப்படியே. இரண்டுக்கும் ஒருசேர மசியாத கிருமி எத்தனையில் ஒன்று? பெருக்கிப் பார்த்தால் இலட்சம் கோடியில் ஒன்று! ஆகவே மருந்துகளைச் சேர்த்தே கொடுக்கவேண்டும் என்பது தெளிவாயிற்று.

சென்னை கேட்ட கேள்வி

1956ஆம் ஆண்டு நிலையை நினைத்துப் பாருங்கள். இந்தியாவில் காசநோயாளிகள் பல இலட்சம் பேர். சானடோரியப் படுக்கைகளோ அதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. எல்லோருக்கும் படுக்கை கட்டுவதென்றால் நாட்டின் செல்வம் முழுவதும் போதாது. ஆனால் ஐசோநியாசிட்டும் பி.ஏ.எஸ்ஸும் வாயால் விழுங்கும் மருந்துகள். விழுங்குவதற்குச் சானடோரியம் எதற்கு?

இப்படிக் கேட்பது எளிது. எதிர்த்துச் சொன்னவர்கள் அறிவற்றவர்களல்லர். ஓர் அறையில் ஆறு பேர் படுக்கும் வீடு. அங்கே இருமுகிறவரை வைத்தால் குழந்தைகளின் கதி என்ன? கஞ்சிக்கே வழியில்லாதவர் எப்படித் தேறுவார்? கொஞ்சம் தெம்பு வந்ததும் வேலைக்குப் போய்விடமாட்டாரா? மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவார் என்பதற்கு யார் பொறுப்பு? எல்லாமே நியாயமான ஐயங்கள். ஆயினும் அவற்றை எவரும் அளந்து பார்த்ததில்லை.

அளப்பதற்காகவே சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையம் அமைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நம் நாட்டு மருத்துவர்கள், நுண்ணுயிரியலார், புள்ளியியலார், செவிலியர் பணியாற்றினர்.

அவர்கள் கேள்வியைச் செதுக்கிய விதத்தைக் கவனியுங்கள். 'வீட்டுச் சிகிச்சை நல்லதா?' என்பது சோதனைக்கு உதவாத கேள்வி. யாருக்கு நல்லது? எதைவிட? எதை வைத்து அளப்பது? எத்தனை நாளில்? எனவே இப்படி அமைத்தார்கள்: நகரின் ஏழைப் பகுதிகளில் வாழும், சளியில் கிருமியுள்ள நுரையீரல் காசநோயாளிகளுக்கு, அதே இரு மருந்துகளை அதே அளவில் ஓராண்டு கொடுத்தால், வீட்டிலிருப்போருக்கும் சானடோரியத்திலிருப்போருக்கும் கிருமி ஒடுங்குவதில் வேறுபாடு உண்டா? மருந்து ஒன்றே, இடம் மட்டும் வேறு. 193 நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் இரு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டார்கள்.

வீட்டிலிருப்பவர் மருந்தைச் சாப்பிட்டாரா, சாக்கடையில் போட்டாரா? பி.ஏ.எஸ். நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம் விழுங்கவேண்டும். வயிற்றைப் புரட்டும். ஏமாற்றத் தோன்றுவது இயல்பே. இதற்கு ஓர் எளிய வேதியியல் உதவியது. பி.ஏ.எஸ். உடலில் சென்றவரின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு கரைசலை விட்டால் நிறம் மாறும். மேல்நிலை வகுப்பில் ஃபீனாலுக்கு நீங்கள் செய்யப்போகும் அதே சோதனை. முன்னறிவிப்பின்றி வீட்டுக்கே சென்று மருந்தை எண்ணிப் பார்ப்பதும், சிறுநீரைச் சோதிப்பதும் நடந்தன. (ஆஸ்பிரின் சாப்பிட்டாலும் இந்த நிறம் வரும். ஏன் என்பதை லேமனின் கதையைத் திரும்பப் படித்தால் நீங்களே சொல்லிவிடலாம்.)

விடையும் விதையும்

1959இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் நோய்க்கிருமி ஒடுங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம்.

'ஆறு சதவீதம் சானடோரியம் முன்னால் நிற்கிறதே!' என்பீர்கள். பொறுங்கள். இந்தக் கணக்கில் ஒவ்வொரு தொகுதியிலும் இருந்தவர்கள் சுமார் 80 பேர். ஆகவே வித்தியாசம் ஏறத்தாழ ஐந்து பேர்தான். இது இடத்தால் வந்த வித்தியாசமா, சீட்டு விழுந்த விதத்தால் வந்ததா? சோதித்துப் பார்க்க உங்கள் வீட்டு அடுப்படியே போதும்.

ஒரு கிண்ணத்தில் 89 சோளமும் 11 கொள்ளும் போட்டுக் கலக்குங்கள். கண்ணை மூடி ஒன்றை எடுங்கள். சோளமா கொள்ளா என்று குறித்துக்கொண்டு, மீண்டும் கிண்ணத்தில் போட்டுக் கலக்குங்கள். இப்படி 80 முறை. இது 'வீடு'. பிறகு அதே கிண்ணத்திலிருந்து இன்னொரு 80 முறை. இது 'சானடோரியம்'. இரண்டிலும் கொள்ளு எத்தனை? கிண்ணம் ஒன்றேயானாலும் எண்ணிக்கை ஒன்றாக வராது. மூன்று, ஐந்து என்று வேறுபடும். நண்பர்கள் பத்துப் பேர் ஆளுக்கொரு தடவை செய்து பார்த்தால், ஐந்து வித்தியாசம் ஒன்றும் அதிசயமில்லை என்பது விளங்கிவிடும். பதினைந்து வித்தியாசம் வந்தால்தான் கிண்ணத்தைச் சந்தேகிக்கவேண்டும். இந்த விளையாட்டை ஒருமுறையாவது செய்யாதவர்கள் செய்தித்தாளில் வரும் மருத்துவச் சதவீதங்களை நம்பவும் கூடாது, மறுக்கவும் கூடாது என்பது என் கட்சி.

அந்த நோயாளிகளை ஐந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்தபோது இரு தொகுதிகளும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன.

குழந்தைகள் என்ன ஆனார்கள்? எல்லோரையும் உறுத்திய கேள்வி இதுவே. குடும்பத்தினரையும் ஐந்தாண்டு கவனித்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களில் புதிதாக நோய் கண்டவர்கள், சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைவிட மிகுதியாக இல்லை. காரணம், நோயாளி மருத்துவரிடம் வருவதற்கு முன்பே பல மாதம் இருமிக்கொண்டிருந்தவர். பரவவேண்டியது பெரும்பாலும் அப்போதே பரவிவிட்டது. மருந்து தொடங்கிய பின் அவரால் ஏற்படும் தீங்கு விரைவாகக் குறைந்துவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிக்கச் சொல்வது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? பின்னலாடைக் கம்பெனியிலோ நூற்பாலையிலோ வேலை செய்யும் நம்மவர்கள் 'பஞ்சுத் தூசி இருமல்' என்று நாளைக் கடத்துவது வழக்கம். தூசி இருமலாகவும் இருக்கலாம். சோதிக்காமல் எப்படித் தெரியும்?

சானடோரியங்கள் மெல்ல மெல்ல வேறு மருத்துவமனைகளாயின. வீட்டிலிருந்தபடியே மருந்து என்பது 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டத்தின் அடிப்படையாயிற்று. வாரம் இருமுறை மட்டும், செவிலியர் கண்ணெதிரே மருந்து கொடுத்தால் போதுமா என்று சென்னை மையம் அடுத்த கேள்வியைத் தொடுத்தது. 1964இல் அதற்கும் நல்ல விடை வந்தது. பின்னாளில் உலகெங்கும் பரவிய நேர்முகக் கண்காணிப்புச் சிகிச்சையின் வேர்களுள் ஒன்று அது. இன்று சாதாரணக் காசநோய்க்கு மருந்து ஆறே மாதம்தான். அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

கேட்காத கேள்வி

இனி இந்தக் கதையின் மிக நுட்பமான பகுதிக்கு வருவோம். சானடோரியத்தில் நல்ல உணவு கிடைத்தது. அங்கிருந்தவர்களுக்கு எடையும் நன்றாகக் கூடியது. வீட்டிலிருந்தவர்களின் உணவு மிக எளியது. அப்படியிருந்தும் கிருமி ஒடுங்குவதில் இரு சாராரும் சமம் என்று கண்டோம். இதிலிருந்து 'காசநோய்க்கு உணவு முக்கியமில்லை' என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள்.

சோதனை அப்படிச் சொல்லவில்லை. சரியான மருந்தை ஓராண்டு ஒழுங்காக உண்பவர்களுக்குக் கிருமி ஒடுங்க நல்ல உணவு கட்டாயமா என்பதே அங்கே எழுந்த கேள்வி. நோயே இல்லாதவர், பசியால் மெலிந்திருந்தால், நோய்க்கு ஆளாவது கூடுமா என்பது வேறு கேள்வி. அதை 1956இல் எவரும் சோதனைக்கு உட்படுத்தவில்லை.

அந்தக் கேள்விக்கு முறையான சோதனை வர அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 2019இல் ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா ஆகியோர் தொடங்கிய ஆய்வில் 2,800 நோயாளிகளும், அவர்களது குடும்பத்தினர் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரும் சேர்ந்தனர். மருந்தும் உணவுப் பொருள்களும் எல்லா நோயாளிகளுக்கும் உண்டு. வேறுபாடு குடும்பத்தினரிடம்தான். ஒரு தொகுதியில் அவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரைகள். மற்றத் தொகுதியில் இல்லை. எந்தப் பகுதிக்கு எது என்பதைத் தீர்மானித்தது மறுபடியும் சமவாய்ப்புத்தான். சேத்துப்பட்டு மையமும், இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரோடு, இதில் பங்கு கொண்டது.

2023இல் முடிவு வந்தது. அரிசியும் பருப்பும் பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் கண்டவர்கள் 39 சதவீதம் குறைவு. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதங்களில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறப்பு 61 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 5 சதவீதம் என்பது இரண்டு கிலோ.